சங்கமும் சங்கிலியும்: ஆறு நாள் டிஸ்க் கோல்ஃப் பயணம்

முதல் நாள், ஓக் குரோவ்

விமானக் களைப்பு தீரும் முன்பே கிளம்பிவிட்டோம். லாஸ் ஏஞ்சலஸுக்கு வடக்கே, பசடீனாவை ஒட்டி, ஹஹமோங்னா என்றொரு பூங்கா. ஒரு பக்கம் மலை, இன்னொரு பக்கம் நாசாவின் ஜெட் புரொபல்ஷன் ஆய்வகம். நடுவே ஓக் மரங்களுக்கு அடியில், உலகில் நிரந்தரமாக அமைந்த முதல் டிஸ்க் கோல்ஃப் திடல். 1975ல் போட்டது.

நாங்கள் இரண்டு பேர். நான் செயலாளர், அண்ணா பொருளாளர். கூடப் பிறந்த அண்ணன் இல்லை, சங்கத்தில் எல்லோருக்கும் அவர் அண்ணாதான். எங்கள் தேசிய டிஸ்க் கோல்ஃப் சங்கத்துக்கு இரண்டு வயது. அடுத்த வருடம் ஆறு ஊர்களில் ஒரு டூர் நடத்துவதென்று பொதுக்குழுவில் தீர்மானம் போட்டிருக்கிறோம். அதை எப்படி நடத்துவது என்று கற்றுக்கொள்ளத்தான் இந்தப் பயணம். சொந்தச் செலவில் வந்திருக்கிறோம், சங்கப் பணத்தில் ஒரு காசு தொடவில்லை. உறுப்பினர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

விளையாட்டு தெரியாதவர்களுக்கு: கோல்ஃப் போலத்தான். பந்தும் மட்டையும் இல்லை, கையால் வீசும் தட்டு. குழி இல்லை, சங்கிலி தொங்கும் இரும்புக் கூடை. யார் குறைந்த வீச்சில் முடிக்கிறாரோ அவர் ஜெயித்தார்.

ஆனால் 1975ல் இங்கே கூடை கிடையாது. தரையில் நட்ட கம்பம்தான் இலக்கு. தட்டு கம்பத்தில் பட்டால் முடிந்தது கணக்கு. பட்டதா, படவில்லையா? வீசியவர் உரசியது என்பார், பக்கத்தில் நின்றவர் இல்லவே இல்லை என்பார். திடலை அமைத்த எட் ஹெட்ரிக்குக்கு இந்தச் சண்டை அலுத்துப்போனது. வாம்-ஓ நிறுவனத்தில் ஃபிரிஸ்பீயைத் திருத்தி, அது ஆடாமல் பறக்க மேலே வரிகள் போட்டு, 1967ல் காப்புரிமை வாங்கிய மனிதர் அவர். உட்கார்ந்து யோசித்து, கம்பத்தைச் சுற்றிப் பத்துச் சங்கிலிகளைத் தொங்கவிட்டு, கீழே ஒரு கூடையை வைத்தார். 1977ல் அதற்கும் காப்புரிமை வந்தது. இன்றைக்கு உலகம் முழுக்க இருக்கும் கூடைகள் எல்லாம் அதன் பிள்ளைகள்தான்.

ஐந்து மீட்டர் தள்ளி நின்று ஒரு பட்டரை, அதாவது கிட்டத்திலிருந்து கூடைக்குள் போடும் தட்டை, வீசினேன். சலங்கைக் கொத்தை உதறினாற்போல ஒரு சத்தம். தட்டு சங்கிலிகளுக்குள் ஒரு கணம் தொங்கி, அப்புறம் கூடைக்குள் விழுந்தது. அண்ணா வீசியது சங்கிலியில் பட்டுத் தெறித்து வெளியே வந்துவிட்டது. சத்தம் கேட்டும் கணக்கில்லை. தட்டு உள்ளே தங்கினால்தான் கணக்கு.

“இது ரசீதும்மா. கூடையில் கிடக்குதுன்னா கிடக்குது. இதுக்கு மேல யாரும் பேச முடியாது” என்றார். பொருளாளருக்கு அப்படித்தான் தோன்றும். ஆனால் நாள் முழுக்க அந்தச் சொல்லைத்தான் அசை போட்டுக்கொண்டிருந்தேன். இந்த விளையாட்டின் முக்கியமான கருவியே ஒரு தகராறைத் தீர்ப்பதற்காகப் பிறந்தது.

இரண்டாம் நாள், வழியில்

நாடு நெடுகக் குறுக்கே பறந்து ஜார்ஜியா மாநிலம் வந்தோம். பார்க்க ஒன்றுமில்லை, அதனால் விமானத்தில் பேசிக்கொண்டு வந்ததை எழுதுகிறேன்.

ஹெட்ரிக் 1976ல் தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கத்தை, அதாவது பிடிஜிஏவைத் தொடங்கினார். உறுப்பினர் எண் 1 அவருடையது. எண்கள் இப்போது 2 லட்சத்தைத் தாண்டிவிட்டன. அவருக்கு முன்னால் யாரும் ஆடவில்லை என்று சொல்ல முடியாது. 1974லேயே நியூயார்க் மாநிலத்தின் ரோச்சஸ்டரில் ஒரு கார் பரிசு வைத்துப் போட்டி நடந்திருக்கிறது. 1979ல் ஹண்டிங்டன் பீச்சில் ஹெட்ரிக் நடத்திய போட்டியின் பரிசுத்தொகை 50,000 டாலர். அந்தக் காலத்துக்கு அது எவ்வளவு பெரிய தொகை!

ஆனால் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது வேறு. சங்கம் வளரும் நேரத்தில், 1980களின் தொடக்கத்தில், அதை ஆட்டக்காரர்கள் கையிலேயே ஒப்படைத்துவிட்டார். கூடை அவருடைய கண்டுபிடிப்பு, சங்கம் அவர் ஆரம்பித்தது. இருந்தும் விட்டுக்கொடுத்தார்.

எங்கள் சங்கத்தில் கூடைகளுக்கு பில் என் பெயரில். உறுப்பினர் பட்டியல் என் மடிக்கணினியில். வங்கியிலிருந்து வரும் கடவுச்சொல் என் போனுக்கு. யாருக்கும் தர மாட்டேன் என்று நான் சொன்னதில்லை. யாரும் கேட்கவில்லை, அப்படியே ஓடிவிட்டது. எனக்கு ஒரு காய்ச்சல் வந்தால் சங்கம் படுத்துவிடும். ஊர் திரும்பியதும் முதல் வேலை இதை மாற்றுவது. அண்ணாவிடம் சொன்னேன். “ரெண்டு வருஷமா நான் சொல்ல நெனச்சதும்மா” என்றார்.

மூன்றாம் நாள், ஆப்ளிங்

அகஸ்டா என்றாலே உலகம் கோல்ஃப் மாஸ்டர்ஸை நினைக்கும். அங்கிருந்து காரில் அரைமணிக்குச் சற்று அதிகம் போனால் ஆப்ளிங். கிளார்க்ஸ் ஹில் ஏரிக்கரையில் வைல்ட்வுட் பூங்கா, அதற்குள் சர்வதேச டிஸ்க் கோல்ஃப் மையம். 2007ல் திறந்தார்கள். பிடிஜிஏவின் தலைமையகம் இதுதான்.

கண்ணாடிக் கோபுரம் எதையும் எதிர்பார்த்து வராதீர்கள். பைன் மரக்காடு, ஏரி, மூன்று பதினெட்டுக் கூடைத் திடல்கள், நடுவில் ஒரு கட்டடம். அலுவலகமும் அங்கேதான், ஹெட்ரிக் நினைவு அருங்காட்சியகமும் அங்கேதான். சங்கத்தின் கணக்கு எழுதுகிற இடத்துக்கும் தட்டு பறக்கிற இடத்துக்கும் நடுவே நடக்கிற தூரம்தான். இது எனக்கு ரொம்பப் பிடித்தது.

ஹெட்ரிக் 2002ல் இறந்தார். அவர் விருப்பப்படி அஸ்தியை பிளாஸ்டிக்கோடு கலந்து தட்டுகளாக வார்த்தார்கள். சில குடும்பத்துக்கும் நண்பர்களுக்கும் போயின, மற்றவை விற்று அருங்காட்சியகத்துக்கு நிதியாயின. செத்த பிறகும் பறக்க வேண்டும் என்று ஆசைப்பட்ட மனிதர். அந்த இடத்தில் நாங்கள் இருவரும் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றோம்.

மதியம் டபிள்யூ.ஆர். ஜாக்சன் திடலில் ஆடினோம். காட்டுக்குள் ஓடும் திடல். வீச்சு ஒரு சாண் விலகினாலும் மரம் திருப்பி அனுப்பிவிடும். நான்காவது கூடையில் என் டிரைவர், அதாவது தூரம் வீசும் தட்டு, சருகுக்குள் புகுந்து காணாமல் போனது. தேட மூன்று நிமிடம்தான், அதற்கு மேல் தட்டு தொலைந்ததாகக் கணக்கு. போட்டி இல்லை, யாரும் கடிகாரம் பார்க்கவில்லை, இருந்தாலும் மூன்று நிமிடத்தில் நிறுத்திக்கொண்டேன். பழக வேண்டுமே.

நாங்கள் வந்த முக்கியக் காரியம் ரேட்டிங், அதாவது ஒருவர் எவ்வளவு நன்றாக ஆடுகிறார் என்று காட்டும் எண். சங்கம் நடத்துபவர்களுக்கு இதைவிட முக்கியமான விஷயம் கிடையாது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஒவ்வொரு திடலும் ஒவ்வொரு மாதிரி. ஒன்று காடு, ஒன்று வெட்டவெளி. ஒரு ஊரில் 54 வீச்சில் முடித்தவரையும் இன்னொரு ஊரில் 60ல் முடித்தவரையும் எப்படி ஒப்பிடுவது? பிடிஜிஏ இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. அன்று அந்தத் திடலில் ஆடியவர்களில் ஏற்கெனவே ரேட்டிங் உள்ளவர்கள் எத்தனை வீச்சில் முடித்தார்கள் என்று பார்த்து, அதிலிருந்து திடலின் கடினத்தைக் கணிக்கிறார்கள். 1000 என்பது தேர்ந்த ஆட்டக்காரரின் அளவு. வழக்கமான பதினெட்டுக் கூடைத் திடலில் ஒரு வீச்சு கூடினால் சுமார் 10 புள்ளி இறங்கும். கடைசி 12 மாதச் சுற்றுகள்தான் கணக்கு. அதிலும் சமீபத்திய கால்பங்குக்கு இரட்டை மதிப்பு. மாதம் ஒருமுறை புது எண் வரும்.

இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. ஒரு சுற்றுக்கு ரேட்டிங் கணக்கிட வேண்டுமானால், குறைந்தது 8 சுற்று ஆடி நிலையான ரேட்டிங் பெற்ற ஐந்து பேராவது அதில் ஆடியிருக்க வேண்டும். ஐந்து பேர் இல்லையென்றால் என்னதான் பிரமாதமாகப் போட்டி நடத்தினாலும் எண் வராது. அவர்கள்தான் விதைநெல். விதைநெல் இல்லாமல் ஆறு ஊரில் நாற்று நட எங்கள் பொதுக்குழு தீர்மானம் போட்டிருக்கிறது.

அண்ணா ராத்திரி வெகுநேரம் தூங்கவில்லை.

நான்காம் நாள், ஒரு சின்னப் போட்டி

பக்கத்து ஊர் ஒன்றில் சி-டியர் போட்டி. பிடிஜிஏ அங்கீகாரப் போட்டிகளில் மேஜர், ஏ, பி, சி என்று படிகள் உண்டு. சி என்பது எளிமையான படி. பெரிய டூரைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொள்ளலாம், இப்படி ஒன்றைக் கூட இருந்துதான் பார்க்க வேண்டும் என்று முன்பே பெயர் கொடுத்திருந்தோம். ஐம்பது சொச்சம் பேர். போட்டி இயக்குநர் நரைத்த தலையுள்ள ஒரு அம்மா. பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம்.

காலை ஆறு மணிக்குப் போனபோது அவர் ஸ்பிரே பெயின்ட் டப்பாவோடு புல்லில் குனிந்து கோடு போட்டுக்கொண்டிருந்தார். ஓபி எல்லை, அதாவது தாண்டினால் தட்டு ஆட்டத்துக்கு வெளியே. முந்தின நாள் கட்டிய கயிறு இரவில் எதிலோ மாட்டி அறுந்துவிட்டதாம். நானும் ஒரு டப்பாவை வாங்கிக்கொண்டேன். கோடு போடுவது சும்மா இல்லை. கோடே ஓபியைச் சேர்ந்தது. தட்டு முழுவதும் ஓபிக்குள் கிடந்தால் மட்டுமே தண்டனை, ஒரு நூல் திடல் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தாலும் தப்பியது. அதனால் கோட்டின் உள்விளிம்பு தெளிவாக இருக்க வேண்டும், எங்கேயும் பிசிறடிக்கக் கூடாது. அந்த அம்மா நான் போட்டதில் நாலடியை மறுபடி போடச் சொன்னார். போட்டேன்.

ஆட்டக்காரர் கூட்டத்தில் பத்து நிமிடம் பேசினார். எங்கெங்கே ஓபி, எந்த மரத்துக்கு இடப்பக்கமாகத்தான் தட்டு போக வேண்டும், மின்னல் வந்தால் என்ன செய்ய வேண்டும். நலம் விசாரிப்பு, நன்றியுரை ஏதும் இல்லை. ஒலிப்பான் ஊதியதும் எல்லாக் கூடைகளிலும் ஒரே நேரத்தில் ஆட்டம் தொடங்கியது.

நான்கு பேர் ஒரு கார்டு. என் கார்டில் ஒரு லாரி ஓட்டுநர், ஒரு நர்ஸ், பள்ளிக்கூடம் படிக்கும் ஒரு பையன். நடுவர் கிடையாது. வீசும்போது கால் வைக்கும் இடம் பிசகியதா, வீச முப்பது விநாடிக்கு மேல் எடுத்தாரா, எல்லாவற்றையும் கார்டில் இருப்பவர்களே சொல்ல வேண்டும். கால் பிசகு என்று ஒருவர் சொன்னால் போதாது, இன்னொருவர் வழிமொழிய வேண்டும். ஒவ்வொரு கூடை முடிந்ததும் கணக்கு குறிப்பவர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட, அவரவர் எண்ணிக்கையை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். “மூன்று.” “நான்கு.” “மூன்று.” ஊர்ப் பள்ளிக்கூட வருகைப் பதிவு போலவே இருந்தது.

பதினொன்றாவது கூடையில் நடந்ததை மறக்க மாட்டேன். பையன் வீசிய தட்டு சரிவில் உருண்டு, நான் காலையில் போட்ட கோட்டின் மேலேயே போய்ச் சாய்ந்தது. நாலு பேரும் சுற்றி உட்கார்ந்தோம். புல் நீளம். தட்டின் விளிம்பும் வெள்ளைக் கோடும் ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. நர்ஸ் உள்ளே என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. ஓட்டுநர் தெரியவில்லை என்றார். கார்டு முடிவுக்கு வராவிட்டால் சந்தேகத்தின் பலன் வீசியவருக்குத்தான்.

பையன் தரையோடு தரையாகப் படுத்துவிட்டான். தட்டைத் தொடாமல், ஒரே விரலால் புல்லை ஒவ்வொன்றாக விலக்கினான். மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். அப்புறம் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டு “வெளியே” என்றான். நாங்கள் அவன் காட்டிய இடத்தில் குனிந்து பார்த்தோம். ஆமாம், வெளியேதான். உள்விளிம்புக்கும் தட்டுக்கும் நடுவே வெள்ளை தெரிந்தது. எல்லையிலிருந்து ஒரு மீட்டர் உள்ளே வந்து, தண்டனை வீச்சையும் சேர்த்து ஆடினான். ஓட்டுநர் கூப்பிட்டபோது “ஐந்து” என்றான். ஐந்து என்று எழுதினார். அடுத்த கூடைக்கு நடந்தோம். யாரும் அவனைப் பாராட்டவில்லை, அவனும் எதிர்பார்க்கவில்லை.

எனக்குத்தான் கண் கலங்கியது. ரேட்டிங், விதைநெல், மாதாந்தரக் கணக்கு எல்லாம் இந்த ஐந்தின் மேல்தான் நிற்கின்றன. அந்தப் பையன் நான்கு என்று சொல்லியிருந்தால் உலகத்தில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. ஹெட்ரிக்கின் சங்கிலி கூடைக்குள் நடக்கும் தகராறைத்தான் தீர்க்கும். மிச்சத் திடல் முழுவதும் ஆடுபவர் வாய்ச்சொல்லை நம்பித்தான் கிடக்கிறது.

சாயங்காலம் பரிசளிப்பு. புரோ பிரிவில் ஜெயித்தவர்களுக்குப் பணம், அமெச்சூர்களுக்குத் தட்டுகளும் பைகளும். பாதிக்கு மேல் வெறுங்கையோடுதான் போனார்கள். போகும்போது அடுத்த போட்டி எப்போது என்று கேட்டுவிட்டுப் போனார்கள். எல்லோரும் போன பிறகு அந்த அம்மா குப்பை அள்ளிக்கொண்டிருந்தார்.

ஐந்தாம் நாள், கணக்கு

அந்த அம்மாவே எங்களைக் காலையில் வரச் சொல்லியிருந்தார். மேசையில் போட்டியின் கணக்கு முழுவதும் விரித்து வைத்திருந்தார். அண்ணா இவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

இயக்குநராக வேண்டுமானால் உறுப்பினராக இருக்க வேண்டும், விதித் தேர்வு எழுதித் தேற வேண்டும். தேதிக்கு முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். நுழைவுத் தொகையில் ஆளுக்கு இவ்வளவு என்று பிடிஜிஏவுக்குப் போகும், மீதிதான் திடலுக்கும் பரிசுக்கும். போட்டி முடிந்ததும் அறிக்கை அனுப்ப வேண்டும். யார் திடலின் எந்த அமைப்பில் ஆடினார் என்பதைப் பிரித்துக் காட்ட வேண்டும், இரண்டு பிரிவுகள் வேறு வேறு டீ பேடிலிருந்து, அதாவது முதல் வீச்சு வீசும் இடத்திலிருந்து, வீசியிருந்தால் இரண்டும் வேறு கணக்கு. இதில் கவனம் தப்பினால் ரேட்டிங்கே தப்பாகிவிடும் என்று இரண்டு முறை சொன்னார்.

எங்கள் ஆறு ஊர் டூரைப் பற்றிச் சொன்னோம். சிரிக்கவில்லை. போட்டி இயக்குநர்கள் எத்தனை பேர் உங்களிடம் இருக்கிறார்கள் என்று மட்டும் கேட்டார். நான் ஒருத்திதான் என்றேன்.

பெரிய டூரின் கதையும் அதைத்தான் சொல்கிறது. பிடிஜிஏ 1976ல் தொடங்கியது, தேசிய டூர் என்று ஒன்றை ஆரம்பித்தது 2003ல். நடுவில் இருபத்தேழு வருடம். 2016ல் ஸ்டீவ் டாட்ஜ் டிஸ்க் கோல்ஃப் புரோ டூரைத் தனி நிறுவனமாகத் தொடங்கினார். ஒளிபரப்பு, டிக்கெட், விளம்பரதாரர் எல்லாம் அந்த டூரின் வேலை. விதியும் ரேட்டிங்கும் அங்கீகாரமும் சங்கத்தின் வேலை. 2021ல் முன்னணி ஆட்டக்காரர் பால் மெக்பெத் ஒரு தட்டு நிறுவனத்தோடு பத்து வருடத்துக்கு ஒரு கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார். அதே வருடம் ஆக்டனில் உலகப் போட்டியின் கடைசிக் கூடையில் ஜேம்ஸ் கான்ராட் 247 அடியிலிருந்து வீசிச் சங்கிலிக்குள் போட்டு, மெக்பெத்தைச் சமன் செய்து, சமனை முறிக்கும் பிளே-ஆஃபில் பட்டமும் வாங்கினார். அந்த வீடியோவைப் பார்த்துத்தான் எங்களில் பாதிப் பேர் தட்டு வாங்கினோம். அந்த வீச்சிலிருந்து ஆரம்பிக்க எல்லோருக்கும் ஆசை. ஆனால் அதற்கு அடியில் ஆயிரக்கணக்கான சனிக்கிழமைகளில் யாரோ குனிந்து கோடு போட்டிருக்கிறார்கள்.

டூரை ஒத்திவைக்கச் சொல்லிப் பொதுக்குழுவுக்குக் கடிதம் எழுதப்போகிறேன். கோபம் வரும். வரட்டும்.

ஆறாம் நாள், ராக் ஹில்

தென் கரோலினாவில் ராக் ஹில். இங்கே வின்த்ராப் பல்கலைக்கழக வளாகத்தில் 1999லிருந்து அமெரிக்க டிஸ்க் கோல்ஃப் சாம்பியன்ஷிப் நடக்கிறது. முதல் வருடம் ஜெயித்தவர் கென் கிளைமோ, பன்னிரண்டு முறை உலக சாம்பியன். இந்தத் திடலின் அடையாளம் மஞ்சள் கயிறு. வெட்டவெளிப் புல்வெளியைக் கயிற்றாலேயே கடினமாக்கியிருக்கிறார்கள். மரம் நட்டு வளர்க்க இருபது வருடம் ஆகும், கயிறு கட்ட ஒரு நாள். இருக்கிற மைதானத்தில்தான் ஆட வேண்டும் என்ற நிலையில் உள்ள எங்களைப் போன்றவர்களுக்கு இதுதான் பாடசாலை.

பதினேழாவது கூடையைப் பற்றி நிறையக் கேள்விப்பட்டிருந்தேன். வைக்கோல் கட்டுகளை அடுக்கி எல்லை கட்டி, நடுவில் தீவு மாதிரி கூடையை வைப்பார்கள். தூரம் அதிகமில்லை. பட்டம் கையில் இருப்பவர்கள் கை நடுங்கி அதை இங்கே விட்டிருக்கிறார்கள். நாங்கள் போனபோது போட்டி இல்லை. அந்தச் சரிவில் உட்கார்ந்து அண்ணா சங்க நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். ஆறு ஊர்களின் பெயர்களை ஒரு கோடு போட்டு அடித்தார். அடுத்த பக்கத்தில் ஒன்றிலிருந்து ஐந்து வரை எண் போட்டார்.

“மொத ரெண்டு நாமதான். என்ன சொல்றே?”

“எழுதுங்கண்ணா. மூணாவது நம்ம விதிக்குழுப் பொண்ணு. அவ தேர்வும் எழுதிடுவா.”

நான்கும் ஐந்தும் யார் என்பதில் அரைமணி நேரம் பேசினோம். நன்றாக ஆடுபவர்கள் என்று இரண்டு பேரைச் சொன்னேன். அண்ணா வேறு இரண்டு பேரைச் சொன்னார். அவர்கள் அவ்வளவு நன்றாக ஆட மாட்டார்களே என்றேன். “மழையிலயும் வருவாங்கம்மா. அதோட, கணக்கைச் சரியா சொல்லுவாங்க” என்றார். அந்தப் பெயர்களையே எழுதினோம்.

ஐந்து பேரும் வெளிநாட்டுப் போட்டிகளுக்குப் போய் ரேட்டிங் வாங்கி வர வேண்டும். அப்புறம் ஒரே ஊரில், ஒரே திடலில், ஒரு சி-டியர். அதற்குள் இன்னும் இரண்டு பேரையாவது இயக்குநர் தேர்வுக்குத் தயார் செய்ய வேண்டும். வங்கிக் கணக்கில் என் எண்ணை மாற்ற வேண்டும், இது அண்ணா தன் கையால் அடிக்கோடிட்டு எழுதியது.

சனிக்கிழமை நாங்கள் இருவரும் ஆளுக்கு இரண்டு சுற்று ஆடியிருந்தோம். பெயர்களுக்கு எதிரே 2, 2 என்று எழுதினார். மற்ற மூன்று பேருக்கும் சுழியம்.

எட்டு வேண்டும். நாளை விடிகாலை விமானம்.